வெள்ளை அடித்த வீடும் டீச்சர் கீறிய வீடும்

கடந்த வருடம் மாரி மழை தொடங்கச் சற்று முன்பு, கல்முனைக்கு அடுத்திருக்கும் சாய்ந்தமருதில், எங்கள் ஒழுங்கையில் நடந்தது இது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று நான் காத்திருந்த காலம். காத்திருப்பது எனக்கு வராத கலை. ஒரு கிழமை கேக்குக்கு ஐசிங் போடப் பழகினேன். மறு கிழமை கொரிய மொழி. அதற்கடுத்த கிழமை என்ன என்று எனக்கே தெரியாது. "உன்ட கால்ல ஆரோ சைக்கிள் சில்லு பூட்டி உட்டிரிக்காங்க" என்பார் உம்மா.

அப்படியான ஒரு பின்னேரம் கேற்றைத் திறந்து எட்டிப் பார்த்தேன். எதிர்ப்பக்க மதிலோரம் பிளாஸ்டிக் கதிரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கறுப்பு அபாயா, அதன் கை விளிம்பெல்லாம் நிறம் நிறமாகக் கறை. அவருக்கு முன்னால் இன்னொரு கதிரை. அதில் சாய்த்து வைத்த ஒரு கன்வஸ். பக்கத்தில் ஸ்கூட்டி. அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைச் சுருக்கி, தலையைச் சரித்து, டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பாரே, அந்த மாதிரி.

மருதமுனையைச் சேர்ந்தவர், பாடசாலையொன்றில் சித்திரம் படிப்பிப்பவர், முப்பது வயது இருக்கும் என்பதெல்லாம் அரை மணித்தியாலத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்டால் தெரிந்துவிடும்தானே. ஒழுங்கை முழுக்க அவரை 'டீச்சர்' என்றுதான் சொன்னார்கள், நானும் அப்படியே.

டீச்சர் எங்கள் வீட்டைத்தான் படமாகக் கீறுகிறார் என்றதும் உம்மாதான் குழம்பிப்போனார். "இந்த ஒழுங்கையில டைல் ஒட்டின ஊடு எத்தின இரிக்கி. எங்கட ஊட்டையா கண்டாவு கீறுறத்துக்கு?"

உம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. எங்களது பழைய ஓட்டு வீடு. முன் சுவரில் பூச்சு அங்கங்கே உதிர்ந்து கல் தெரியும். நிலத்திலிருந்து முழங்கால் உயரம் வரை ஒவ்வொரு மாரியும் விட்டுப்போன நீர்க்கோடு. வலது ஜன்னலின் கீழ் மூலையில் தொடங்கி, அத்திவாரம் வரை சரிந்து இறங்கும் ஒரு வெடிப்பு. நான் பிறக்குமுன், கடல் ஊருக்குள் வந்த அன்று விழுந்த வெடிப்பு அது. அதையெல்லாம் பாதி மூடிக்கொண்டு ஓட்டு விளிம்பு வரைக்கும் ஏறியிருந்தது ஒரு போகன்வில்லா. எங்கள் பக்கம் அதைக் கடதாசிப்பூ மரம் என்றும் சொல்வார்கள். பூத்தால் அந்தச் சுவர் முழுக்க ரோசா நிறம். உதிர்ந்தால் முற்றம் முழுக்கக் குப்பை, கூட்டுவது நான்.

மறுநாளும் டீச்சர் வந்தார். அதற்கடுத்த நாளும். அஸர் தொழுதுவிட்டுப் பின்னேரம் வருவார், வெளிச்சம் மஞ்சளாகி ஓட்டில் ஏறும் வரை இருப்பார், பிறகு தூரிகைகளைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். மற்ற நேரத்தில் வருவதில்லை. "வேற நேரத்தில இந்தச் செவர் வேற செவர்" என்றார். எனக்குப் புரியவில்லை, அடுத்த நாள் காலையில் எழும்பிப் பார்த்தேன். உண்மைதான், வேறு சுவர்! பிறந்ததிலிருந்து இருக்கும் வீட்டை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

நான் தேநீர் கொண்டுபோவேன், பக்கத்தில் நின்று கேள்வி கேட்டே அவரைக் களைக்க வைப்பேன். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த அந்தச் சுவருக்கு அவர் வெள்ளை நிறம் தொடவே இல்லை. பாசிப் பச்சை, மண் மஞ்சள், கொஞ்சம் ஊதா. கிட்டப் போனால் கறை மாதிரி இருக்கும். நாலு எட்டுப் பின்னால் வந்து பார்த்தால் எங்கள் சுவர், ஈரம் மணக்கிற எங்கள் சுவரேதான்.

எங்கள் மதிலில் எப்போதும் ஒரு பூனை படுத்திருக்கும். ஒருநாள் அதைக் காட்டிச் சொன்னேன். "டீச்சர், பூனைய மறந்துட்டீங்க."

"மறக்கல்ல. ரூஹ் உள்ளத, உசிருள்ளத நான் கீறுறல்ல தங்கச்சி."

"அப்ப மனிசர்?"

"அவங்களும் இல்ல. எனக்குப் பூவும் ஊடும் போதும்."

சரி, மார்க்கத்துக்குப் பயந்து ஒரு வட்டத்துக்குள் நின்றுகொள்கிறார் போல என்று உள்ளுக்குள் கொஞ்சம் இரங்கினேன். இரக்கம் இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. மதிலின் மேல் பூனை படுத்துப் படுத்து வழுவழுத்துப்போன இடம் இருக்கிறதே, அதை அவர் கீறியிருந்தார். பூனை இல்லை. ஆனால் அந்த இடத்தைப் பார்த்ததும் பூனை ஞாபகம் வரும். வாப்பா தினமும் சைக்கிளைச் சாத்துகிற இடத்தில் ஹேண்டில் உராய்ந்த கோடு. படியில் ஒரு சோடிச் செருப்பு, ஒன்று கவிழ்ந்தபடி. அது என்னுடையது. ஓடி வந்து உதறிவிட்டுப் போகிறவளின் செருப்பு எப்படிக் கிடக்குமோ அப்படி. ஆட்கள் யாருமில்லாத அந்தப் படத்துக்குள் நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

அதற்குப் பிறகு நான் அவருடைய விசிறி ஆகிவிட்டேன். ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டியில் பின்னால் ஏறி மருதமுனைக்கே போனேன். ஒரு சின்ன அறை முழுக்கப் படங்கள். கடற்கரையோரம் கூரை போன வீடு, கோமாரிப் பக்கத்து மண் வீடு, கதவு மட்டும் புதிதாக உள்ள வீடு. மற்றச் சுவரில் பூக்கள். நாங்கள் கைபேசியில் எடுக்கிற மாதிரிப் பூக்கள் இல்லை அவை. செவ்வரத்தை என்றால் விரிந்த மறுநாள் செவ்வரத்தை, விளிம்பு சுருண்டு, நீலம் பாரித்து. பூவரசம்பூ என்றால் மஞ்சளாக மலர்ந்து பின்னேரம் சிவந்து விழுந்து கிடப்பது. ஒரு மல்லிகை மாலை, கல்யாணம் முடிந்த அடுத்த நாள். சோகமாக இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லவே இல்லை. அந்தச் செவ்வரத்தையின் சுருண்ட விளிம்பைப் போல ஒரு சிவப்பை நான் எந்தக் கடையிலும் எந்தத் துணியிலும் கண்டதில்லை.

இனி என் அக்காவுக்கு, எங்கள் ராத்தாவுக்கு வருகிறேன். இந்தக் கதையில் இழக்க ஏதும் உள்ளவர் அவர்தான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டைப் பெண்ணின் பேரில் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பெண் பிள்ளைகள் உள்ள வாப்பாவுக்கு இரண்டு வீடு வேண்டும் என்பது ஊர்க் கணக்கு. கல்முனை பஸாரில் ஹார்ட்வெயார் கடையொன்றில் வேலை செய்யும் எங்கள் வாப்பாவிடம் இருந்தது இந்த ஒன்றுதான். நிந்தவூரிலிருந்து ராத்தாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. ராத்தாவின் படத்தைப் பார்த்துப் பிடித்து, ஒரு தரம் உம்மாவின் முன்னால் போனில் கதைத்தும் இருந்தார். ராத்தா அதற்குப் பிறகு சோறு வடிக்கும்போதுகூடத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். முன்பு ஒரு சம்பந்தம் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனவர்களோடு அப்படியே அறுந்திருந்தது. அந்த முறை ராத்தா எத்தனை நாள் கண் வீங்கியிருந்தார் என்று எனக்குத் தெரியும். ஆகவே இந்த முறை வீடு பார்க்க வருகிறவர்கள் சரி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் எல்லோருடைய துஆவும் வேண்டுதலும்.

அடுத்த மாதம் வருவதாக இருந்தவர்கள் திடீரென்று இந்த வெள்ளிக்கிழமையே வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

வாப்பா அன்று மாலையே கடையிலிருந்து சுண்ணாம்பும் தூரிகையும் கொண்டுவந்துவிட்டார். வெடிப்புக்குச் சீமெந்துப் பூச்சு, மேலே வெள்ளை. கேற்றடியில் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரில் டீச்சர், கையில் அவருடைய தூரிகையோடு.

"மாமா, அந்தச் செவர இப்ப தொட்டுராதீங்க. இன்னம் முடியல்ல" என்றார் டீச்சர், எழுந்து நின்று.

"மகள், வெள்ளிக்கிழம ஆள் வருது. நீங்க மத்தப் பக்கத்தக் கீறுங்களன்."

"மத்தப் பக்கத்தில வெடிப்பு இல்லையே."

"அதத்தான் நானும் சொல்றன்! வெடிப்பு இல்லாமக் கீறினா என்ன, ஊடு வடிவா இரிக்கும்தானே?"

"வெடிப்ப உட்டுட்டுக் கீறினா, மிச்சமும் பொய்யாப் போயிரும் மாமா."

வாப்பாவுக்கு அந்தக் கதை ஏறவில்லை. ஆனால் மனிதர் நல்லவர், டீச்சரை எழுப்பி அனுப்ப மனமும் வரவில்லை. நான் நடுவில் பாய்ந்து ஒரு ஒப்பந்தம் செய்து வைத்தேன். வாப்பா இடப்பக்கத்திலிருந்து வெள்ளை அடித்துக்கொண்டு வர வேண்டும், டீச்சர் வலப்பக்கத்தை அதற்குள் முடித்துவிட வேண்டும். அந்தக் கிழமை பின்னேரங்களில் எங்கள் ஒழுங்கையில் நடந்த போட்டியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இங்கே ஒரு தூரிகை சுவரை அழித்துக்கொண்டே வரும். அங்கே ஒரு தூரிகை அதே சுவரைப் பிடித்து வைத்துக்கொண்டே போகும். "மாமா, கொஞ்சம் மெல்ல!" என்று டீச்சர் கத்துவார். "நீங்க கொஞ்சம் கெதியா!" என்று வாப்பா கத்துவார். டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தி யார் வெல்வது என்று பார்த்தார்கள்.

வியாழக்கிழமை வாப்பா வலப்பக்கத்துக்கு வந்துவிட்டார். போகன்வில்லா குறுக்கே நின்றது. முள் கையைக் கிழித்தது. ஆத்திரத்தில் கத்தியை எடுத்து அடியோடு வெட்டிப்போட்டார். டீச்சரின் கை நின்றது. கீழே விழுந்த கொப்பில் இருந்த பூவைப் பார்த்தார், கன்வஸைப் பார்த்தார். நல்ல வேளையாக மரம் படத்துக்குள் ஏற்கெனவே ஏறியிருந்தது.

அவர் கடைசியாக ஜன்னல் மூலையில் ஏதோ தொட்டுக்கொண்டிருக்கும்போதே மழை வந்தது. எங்கள் ஊர் மழை சொல்லிவிட்டு வராது, ஒரேயடியாகக் கொட்டும். எண்ணெய் வர்ணம், காய்வதற்குக் கன நாள் எடுக்கும், ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போக முடியாது. நானும் ராத்தாவும் ஓடிப்போய்க் கன்வஸை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுவந்தோம். "ராத்தாட அறையில வைங்க. செவரப் பாக்கத் திருப்பி வைங்க" என்றார் வாப்பா. அவர் குரலில் இருந்த பயம் எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. மழை கொஞ்சம் ஓய்ந்ததும், இரவோடிரவாக வெடிப்பைப் பூசி, மிச்சச் சுவருக்கும் வெள்ளை அடித்து முடித்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிந்தவூரிலிருந்து வேன் வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா, சாச்சா என்கிற சித்தப்பா, உம்மா. வெளியே முன்சுவர் பளீரென்று வெள்ளை. முற்றத்தில் வெட்டுப்பட்ட மரத்தின் அடிக்கட்டையை ஒரு பூச்சட்டி மறைத்திருந்தது. ஆண்கள் விறாந்தையில் இருந்து கதைத்தார்கள். வாப்பா ஒரு வருடத்துக்குள் மேல்மாடி கட்டித் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. சாச்சா வாய் ஓயாத மனிதர். "காக்கா, ஊடு பாலில குளிச்ச மாதிரி இரிக்கே" என்றார், வாப்பாவை அண்ணன் முறை சொல்லி. வாப்பா சிரித்தார். நெற்றியில் வியர்வை.

அஸர் பாங்கு சொன்னது. ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா, நாங்கள் மாமி என்றோம், தொழ ஓர் இடம் கேட்டார். ராத்தாவின் அறைதான் இருந்தது. நான் முஸல்லாவை விரித்து, தொழும் திசை, கிப்லா, இந்தப் பக்கம் என்று கையைக் காட்டினேன். காட்டிய பிறகுதான் கண்டேன். சரியாக அந்தப் பக்கச் சுவரில்தான் கன்வஸ் சாய்ந்திருந்தது, முதுகைக் காட்டிக்கொண்டு.

மாமியும் கண்டுவிட்டார். "அது என்ன, படமா? உருவம் கிருவம் இரிந்தா வெளிய எடுங்க புள்ள. அதுக்கு முன்னால தொழ ஏலாது."

"உருவம் ஒண்டும் இல்ல மாமி. சும்மா பூப்படம்" என்றேன் அவசரமாக.

"அப்ப என்னத்துக்குச் செவரப் பாக்க வெச்சிரிக்கி?"

கட்டில் ஓரத்தில் இருந்த ராத்தா எழுந்தார். புதுச் சாரி, கை முழுக்க வளையல். போய்க் கன்வஸைத் திருப்பி வைத்தார். உருவம் இல்லை என்று காட்டத்தான் திருப்பினார் என்று பிறகு சொன்னார்.

மாமி கிட்டே வந்தார். ஜன்னல் வெளிச்சம் படத்தில் நேராக விழுந்தது. டீச்சர் முழுதாக முடித்த பிறகு நானும் அப்போதுதான் பார்க்கிறேன். போகன்வில்லா எரிகிறது. அதன் நிழல் சுவரில் ஊதாவாக நடுங்குகிறது. பாசி, நீர்க்கோடு, உதிர்ந்த பூச்சு, நடுவே அந்த வெடிப்பு. ஒன்றையும் அவர் மறைக்கவில்லை, ஒன்றையும் கூட்டவும் இல்லை. வெடிப்புக்குள் ஒரு ரோசா இதழ் விழுந்து சிக்கியிருந்தது. மழைக்கு முன்பு கடைசியாக ஜன்னல் மூலையில் அவர் தொட்டது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"மாஷா அல்லாஹ்" என்றார் மாமி மெதுவாக. முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். "இது ஆர்ர ஊடு? என்ன வடிவா இரிக்கி! மருதமுனைப் பக்கமா?"

எனக்கு உயிர் திரும்பியது. அவருக்குத் தெரியவில்லை! ஒரே ஒரு 'ஓம்' போதும். மருதமுனைதான் மாமி, டீச்சர் அந்த ஊர், அங்கே எங்கேயோ உள்ள வீடு. எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தும்விட்டேன்.

"இந்த ஊடுதான் மாமி" என்றார் ராத்தா. "இப்ப நீங்க நிக்கிற ஊடு."

மாமி ராத்தாவைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். திரும்ப ராத்தாவைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நான் தொழுதுட்டு வாறன்" என்றார்.

நாங்கள் இருவரும் வெளியே வந்து கதவோடு ஒட்டி நின்றோம். "என்னகா செஞ்சிட்டீங்க?" என்றேன் காதுக்குள். உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து என்ன என்று கண்ணால் கேட்டார். பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். விறாந்தையில் வாப்பா இன்னும் மேல்மாடி கட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தொழுகை முடியவே முடியாது போலிருந்தது. பிறகு துஆ. அதுவும் நீண்டுகொண்டே போனது.

மாமி வந்தார். நேராக விறாந்தைக்கு. "காக்கா, அந்தப் படத்தக் கொஞ்சம் முத்தத்துக்குக் கொண்டாரச் சொல்லுங்க" என்றார் வாப்பாவிடம்.

வாப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. நானும் ராத்தாவும் கன்வஸைத் தூக்கிக்கொண்டு போய் மதிலில் சாய்த்து வைத்தோம், முன்சுவருக்கு எதிராக. எல்லோரும் முற்றத்தில் இறங்கி நின்றார்கள். இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் எங்கள் வீடு.

"அது... பழைய படம்" என்றார் வாப்பா.

சாச்சா குனிந்து போகன்வில்லாவைத் தொட்டுப் பார்த்தார். விரலைத் தூக்கிக் காட்டினார். நுனியில் ரோசா நிறம். "பழைய படமா? இன்னம் காயவே இல்லையே காக்கா!"

மாமி சிரிக்கவில்லை. படத்தில் வெடிப்பு எங்கே என்று பார்த்தார், பிறகு சுவருக்குப் போனார். ஜன்னலின் கீழ் மூலை, அங்கிருந்து சரிந்து கீழே. உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தார். மழை ஈரத்தில் சுண்ணாம்பு காயாமல் இருந்தது. கையை எடுத்தபோது கை முழுக்க வெள்ளை, சுவரில் அவருடைய கை அச்சு. அச்சுக்கு நடுவே, பூசிய சீமெந்துக்குள்ளால், நூல் மாதிரி ஒரு ஈரக்கோடு ஏற்கெனவே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

வாப்பா படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கடல் வந்த அண்டு எங்கட ஊட்டுக்குள்ளயும்தான் தண்ணி பூந்த" என்றார் மாமி. "வெடிப்பு எனக்குப் புதினமில்ல காக்கா. ஆனா ஒண்டு. நீங்க இதப் பூசித் தந்திருந்தா, அடுத்த மாரியில என்ட மகன் கண்டிருப்பான். கண்டா உங்களுக்கிட்ட வந்து கேக்கமாட்டான். இந்தப் புள்ளைட மொகத்தில சொல்லுவான். சண்ட வாற நேரமெல்லாம் சொல்லுவான். ஆம்புளைகள எனக்குத் தெரியாதா?"

மாப்பிள்ளையின் வாப்பா இருமினார். சாச்சா வானத்தைப் பார்த்தார்.

"என்ட புள்ளைக்கு நான் ஊடு தேடித்தான் வந்தன், பொய் சொல்லமாட்டன்" என்று தொடர்ந்தார் மாமி. "மேல்மாடிய ஆறுதலாக் கட்டுங்க. முதல்ல இந்தச் செவரக் கழட்டிப்போட்டு அத்திவாரத்தில இரிந்து ஒழுங்காக் கட்டுங்க. நிக்காஹ் அதுக்குப் பொறகு. நாங்க பொறுக்கிறம்." கையிலிருந்த சுண்ணாம்பை உதறிவிட்டு முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். பூச்சட்டியைக் காலால் கொஞ்சம் நகர்த்தினார். அடிக்கட்டை தெரிந்தது. "அல்லாஹ்வே! இந்தப் பூமரத்தயா வெட்டின? ஏன் காக்கா?"

"வெள்ள அடிக்க" என்றார் வாப்பா, பரீட்சையில் பிழை விட்ட பிள்ளை மாதிரி.

"செவருக்கு மன்னிப்பு. இதுக்கு இல்ல" என்றார் மாமி. அதற்குத்தான் முதல் முறையாக எல்லோரும் சிரித்தோம். வாப்பாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

வேன் போன பிறகு நான் ராத்தாவை விடவில்லை. கோப்பை கழுவுகிற இடத்தில் வைத்துப் பிடித்தேன். மருதமுனை என்று சொல்லித் தப்பியிருக்கலாமே, ஏன் அப்படிச் சொன்னீர்கள்? ஏதாவது பெரிய நியாயம் வரும் என்று எதிர்பார்த்தேன். ராத்தா ஒரு கோப்பையைத் துடைத்துத் துடைத்துச் சொன்னது இதுதான்: "எங்கட ஊட்டப் பாத்து வடிவா இரிக்கி எண்டு ஒராள் சொல்லி இண்டைக்குத்தான் கேட்டன். அதப் போய் வேற ஆர்ர ஊடோ எண்டு சொல்ல மனம் வரல்ல."

அடுத்த நாள் மழை விட்டதும் டீச்சர் படத்தை எடுக்க வந்தார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், மாமி வெடிப்பின் முன்னால் நின்ற இடத்துக்குக் கதை வந்ததும் சுவருக்குக் கிட்டப் போனார். வெள்ளை, அதில் கை அச்சு, அதற்கு நடுவே கீழே இறங்கும் ஈரக்கோடு. கண்ணைச் சுருக்கினார். தலையைச் சரித்தார். எனக்கு விளங்கிவிட்டது.

"மாமா" என்றார், விறாந்தையில் இருந்த வாப்பாவைப் பார்த்து. "இந்தச் செவர எப்ப உடைக்கப் போறீங்க?"

"மேசன் திங்கக்கிழம வாறான்" என்றார் வாப்பா. பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்தார். பெரிய பெருமூச்சொன்று விட்டார். உள்ளே போய், இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைத் தானே தூக்கிக்கொண்டு வந்து எதிர்ப்பக்க மதிலோரம் போட்டார். "வேறொரு கிழமைக்கு மாத்திச் சொல்றன். கீறுங்க மகள். இந்த முற நான் ஒண்டும் தொடமாட்டன்."

அந்தப் படமும் வந்தது. வெள்ளைச் சுவர், அதில் ஒரு பெண்ணின் கை, அடிக்கட்டை, மழைத் தண்ணீர் தேங்கிய முற்றம். வெள்ளைக்குள் எத்தனை நிறம் என்று அதைப் பார்த்துத்தான் படித்துக்கொண்டேன். இப்போது அந்தச் சுவர் இல்லை. அத்திவாரத்திலிருந்து எழுப்பிய புதுச் சுவர்தான் இருக்கிறது. ராத்தாவின் நிக்காஹ் நோன்புக்கு முன்பு நடந்தது. மேல்மாடி இன்னும் வாப்பாவின் வாயில்தான் இருக்கிறது, மச்சானும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. மாமி வந்தால் முதலில் ஹோலில் மாட்டியிருக்கும் போகன்வில்லாப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார், பிறகுதான் உட்காரவே செய்வார். டீச்சர் அதை ராத்தாவுக்கே கொடுத்துவிட்டார்.

நான் கம்பஸுக்குப் போகத் தொடங்கிவிட்டேன். பஸ்ஸில் ஒலுவில் வரை வழிநெடுக வீடுகள். முன்பு கைபேசியைத் தவிர ஒன்றும் பார்க்காதவள் இப்போது ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லையென்றால் மனம் வாடிப்போகிறேன். அந்த வீடுகளுக்குள்ளும் யாரோ ஒரு பெண் தன் வீட்டின் வெடிப்பை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றும்போதெல்லாம், யாராவது ஒருவர் எதிரே கதிரை போட்டு உட்கார்ந்து அந்த வீட்டை ஒரு தடவையாவது நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்று என் மனம் தன்பாட்டுக்கு துஆக் கேட்கத் தொடங்கிவிடுகிறது.